சொந்த ரவுட்டர் கேட்ட போன்கள்

அன்று வாசலூர்பட்டி லாட்ஜில் இருந்தது மூன்றே பேர்: முதலாளி, போன் கம்பெனி இன்ஜினியர், எட்டாவதோடு படிப்பை விட்டு ஒயர் இழுக்க வந்த நான். அறைகளுக்கு வாங்கிய போன்கள் ஒரு கம்பெனி. அவற்றுக்கு முகவரி கொடுக்கும் ரவுட்டர் மலிவாகக் கிடைத்த வேறு கம்பெனி. போன்களுக்கு முகவரி வந்தது. அழைப்புகளை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி எங்கே இருக்கிறது என்ற தகவல் மட்டும் வரவில்லை. ஒயரில்தான் கோளாறோ, கூலி போய்விடுமோ என்று ஒவ்வொரு முனையையும் மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

"ஒயர் நல்லாத்தான் இருக்குதுங்க. அந்தத் தகவலை எங்க கம்பெனி ரவுட்டர் மட்டுந்தான் சொல்லும்," என்றார் இன்ஜினியர்.

"ஏனுங்க, நான் போன் வாங்கினனா, பொண்ணு எடுத்தனா? சொந்தத்துலயேதான் பாக்கோணுமா?" என்றார் முதலாளி.

கடைசியில் ஒவ்வொரு போனிலும் எக்ஸ்சேஞ்ச் முகவரியை நானே கையால் அடித்தேன். எல்லாம் மணியடித்தன.

"கையாலயே ஆகற வேலைக்கு ஒயர் எதுக்கு கண்ணு?" என்று முதலாளி கூலியில் பிடித்துக்கொண்டார். அறுநூறு ரூபாய் இன்னும் வர வேண்டும்.