நான் விரட்டிய ஆறுமணிக்குருவி

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் எனக்கு ஷாப்ட் வாயில் வேலை. ஆட்களை இறக்கும் கூண்டுக்கு மணி அடிக்க வேண்டும். நாள் முழுக்க வானத்தின் கீழ் நிற்பவன் நான். என் மனைவியின் தம்பியோ கூண்டில் இறங்கினால் ஷிப்ட் முடிந்துதான் வெளிச்சத்தைப் பார்ப்பான். அப்படிப்பட்டவனுக்குத்தான் குருவிகள் முதலில் கண்ணில் பட்டன.

சுரங்கத்தில் அளவெடுக்கும் துரை ஒருவருக்குக் குருவிப் பைத்தியம். ஐப்பசி பிறந்தால் வடக்கிலிருந்து வந்து இறங்கும் சிறு குருவிகளைப் பார்க்க ஞாயிறுதோறும் ஊரிகத்தைத் தாண்டி ஏரிக்கரைக்குப் போவார். முதலில் என்னைத்தான் துணைக்கு அழைத்தார். மைத்துனனைக் கூட்டிக்கொண்டு போனது நான் செய்த தப்பு. இரண்டாம் வாரமே துரையின் தூரக்கண்ணாடி அவன் கழுத்தில் தொங்கியது. சோற்றுக்கூடை என் தலையில்.

அன்று விடிகாலை மழை விட்டிருந்தது. “அதோ வாலாட்டி, தொரை! அந்த முள்ளு மேல இன்னொன்னு!” என்று அவன் காட்டிக்கொண்டே போனான். துரை எழுதிக்கொண்டே போனார். எனக்கு வயிறு எரிந்தது.

அவர்களை முன்னே விட்டுக் கூடையை இறக்கி வைத்தேன். உண்ணிப்புதர் அடியில் ஈரச்சருகைக் கிளறியபடி ஆறுமணிக்குருவி நின்றிருந்தது. துரை மூன்று வாரமாகத் தேடிய குருவி. கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் துரை வருவார். கூடவே தூரக்கண்ணாடியோடு அவனும் வருவான். குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். குருவி விருட்டென்று பறந்து போயிற்று.

திரும்பினால் மைத்துனன் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் துரை மூச்சிரைக்க ஓடி வந்தார். “என்ன பறந்தது?”

“காக்கா, தொரை” என்றான் அவன்.

காட்டிக் கொடுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நல்லவனாகவும் இருந்து தொலைத்தானே என்று வழியெல்லாம் பொருமினேன்.

அடுத்த ஞாயிறு வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். அவனும் போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மாமா, அன்னிக்கி நீ கல்லு வுட்டியே, அது இன்னா குருவி?”

“ஏன், நீ பாக்கல?”

“றெக்கைய மட்டுந்தான் பாத்தேன். ஆறுமணிக்குருவியா?”

ஆமாம் என்றேன். அவன் முகம் தொங்கிப் போயிற்று.

“குடுத்து வச்சவன் மாமா நீ. நான் இதுவரைக்கும் அதப் பாத்ததே இல்ல. எப்பிடி இருந்திச்சி, சொல்லு.”

அந்தக் குரலில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த வயிற்றெரிச்சல். எழுந்து உட்கார்ந்தேன். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை. பச்சை முதுகு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு என்று ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவன் வாய் பிளந்து கேட்கக் கேட்க, அதன் தலையில் இல்லாத ஒரு வெள்ளைக் கொண்டையையும் சேர்த்து வைத்தேன்.