படி திரும்பும் இடம்

அந்த நான்கு மாடிக் குடியிருப்பில் ஸ்ட்ரெச்சர்காரர் என்றால் தெரியாதவர் கிடையாது. ஆம்புலன்ஸில் நோயாளிகளைத் தூக்குகிற வேலை, இருபத்திரண்டு வருஷமாக. இரண்டாவது மாடியில் அவர் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். கூடத்தில் ஒரு பெஞ்சு, ஒரு மேஜை, அவ்வளவுதான். தரையில் ஒரு பை கிடக்காது, ஒரு செருப்பு கிடக்காது. கதவுக்குப் பின்னால் ஐந்து கொக்கிகள். எந்தக் கொக்கியில் எந்தச் சாவி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சாயங்காலம் ஆறு மணியானால் கூடையும் கையுமாக வீட்டைச் சுற்றி வருவார். இடம் மாறிக் கிடக்கிறதெல்லாம் கூடைக்குள் போகும். சனிக்கிழமைக்குள் யாரும் கேட்காத சாமான் வீட்டு வாசலைத் தாண்டிவிட வேண்டும். பழைய சாமான் வாங்குகிறவர் வந்து எடுத்துக்கொண்டு போவார்.

"நான் ஒரு வாரம் ஊருக்குப் போய்ட்டு வந்தா, என்னையும் தூக்கி வெளிய வச்சிருப்பீங்க" என்பாள் மனைவி. நூலகத்தில் வேலை பார்ப்பவள். அவளுக்கே இந்த ஒழுங்கு தாங்காது.

ஊர் இதைக் கிறுக்கு என்றது. கிறுக்கு இல்லை, பயம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு வீட்டுக்குப் போனார்கள். நோயாளி கடைசி அறையில். நடைவழியில் பேப்பர் கட்டு, உடைந்த ஃபேன், மூன்று சைக்கிள். எல்லாவற்றையும் நகர்த்தி உள்ளே போவதற்குள் அந்த மனிதர் போய்விட்டார். ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம் குறித்து எழுத ஒரு தாள் உண்டு. அதில் 'தாமதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில் அன்று 'வழியில் சாமான்' என்று எழுதினார். அதற்கப்புறம் எத்தனையோ தடவை அதே இரண்டு வார்த்தை. எழுதும்போதெல்லாம் கோபம் பொத்துக்கொண்டு வரும். இவர்களெல்லாம் மனுஷர்கள்தானா என்று பல்லைக் கடிப்பார்.

அப்படிப்பட்டவரைத் தினமும் பயமுறுத்தியது சொந்த அக்காவின் வீடு. அக்கா அவருக்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். தையல் வேலை, கூடவே ஆஸ்துமா. தையல் மிஷினிலிருந்து வாசல் வரை துணி மூட்டை, அட்டைப் பெட்டி, வெட்டுத்துண்டு. நடப்பதற்கே ஒற்றைக் காலில் தாவ வேண்டும்.

"அக்கா, உனக்கு ஒண்ணுன்னா இதுக்குள்ள ஆம்புலன்ஸ் நாற்காலிய திருப்பவே முடியாது. நானே வந்தாலும் உன்னைத் தூக்க முடியாது."

"என்னைத் தூக்கிட்டுப் போறதுலயே குறியா இருக்கியேடா! இந்தத் துணிதான் எனக்குச் சோறு போடுது."

ஒருநாள் பொறுமை இழந்து, அவளுடைய அளவு நாடாவையே பிடுங்கித் தரையை அளந்தார். "இங்கேருந்து இது வரைக்கும் வேணும். உயிர் வேணுமா, மூட்டை வேணுமான்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்று கத்திவிட்டு இறங்கிப் போனார். அக்கா பத்து நாள் பேசவில்லை. பதினோராவது நாள் போய்ப் பார்த்தால், அவர் அளந்த அகலத்துக்குத் துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் வாசல் வரை இரண்டு கோடு இழுத்திருந்தாள். ஆறு மணிக்கு மிஷினை நிறுத்தியதும் பத்து நிமிஷம். கோட்டைத் தாண்டியது எதுவானாலும் எடுத்தாக வேண்டும். தைத்தது கம்பிக்கு, துண்டு சாக்குக்கு. வெள்ளிக்கிழமை சாக்கு கீழே இறங்கிவிடும். நாலு மாசம், ஒருநாள் விடாமல் செய்தாள். கோடு அழிந்தால் புதுசாகப் போட்டாள். அவரும் வாய்விட்டுப் பாராட்டாமல், போகும்போதெல்லாம் கோட்டின் மேல் ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வருவார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. "பெண், ஐம்பத்தெட்டு வயசு, மூச்சுத்திணறல். மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை." முகவரியைக் கேட்டதும் அது அக்கா என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. டிரைவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை விரட்டினான்.

மடக்கு நாற்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். இரண்டாவது மாடியில், தன் வீட்டு வாசலில் படி திரும்பும் இடத்தில், உடம்பு தானாக ஒருக்களித்தது. தினமும் அப்படித்தான் போவார். ஏன் ஒருக்களிக்கிறோம் என்று அன்றும் தோன்றவில்லை.

அக்கா கதவைத் திறந்துவிட்டு மிஷினுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்துப் பட்டை கட்டினார்கள். இரண்டு கோட்டுக்கு நடுவே நாற்காலி வழுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தது. எதிலும் உரசவில்லை. பிழைத்தாள் என்று நினைத்தார்.

டிரைவர் தலைமாட்டில், அவர் கால்மாட்டில், பின்பக்கமாக இறங்கினார். திருப்பத்துக்கு வந்ததும் முதுகில் இரும்பு இடித்தது.

அவருடைய பழைய அலமாரி. அதன் மேல் நாலு அட்டைப் பெட்டி, பக்கத்தில் உடைந்த கட்டில் சட்டம். சனிக்கிழமை சனிக்கிழமையாக அவர் வீட்டைவிட்டு வெளியேற்றியது அத்தனையும் அங்கே நின்றது. பழைய சாமான்காரர் நாளை, நாளை என்று இரண்டு மாசமாக இழுத்தடித்திருந்தார். வாசலைத் தாண்டியது வீட்டைவிட்டுப் போனது என்பது இவர் கணக்கு. அலமாரி சரிந்து யார் மேலும் விழக்கூடாது என்று கைப்பிடிக் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டியும் வைத்திருந்தார். ஒற்றை ஆள் ஒருக்களித்துப் போகலாம். நாற்காலியைத் திருப்ப இடமே இல்லை.

"அண்ணே, யாருடையது இது? அறிவு வேண்டாமா?" என்று கத்தினான் டிரைவர்.

அவர் கை சட்டைப் பைக்குப் போனது.

"படியில இறக்கி வச்சுப் பிடிச்சுக்கோ. விட்டுடாத."

சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவி. கதவு. மூன்றாவது கொக்கியில் பூட்டுச்சாவி. தேடவே வேண்டியிருக்கவில்லை, வைத்த இடத்தில் இருந்தது. ஆனால் பூட்டு இரண்டு மாசத்தில் துருவேறி இறுகியிருந்தது. ஒரு முறை, இரண்டு முறை திருகினார். மேலே அக்காவின் மூச்சு விசில் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. அப்புறம் அந்த விசிலும் மெலிந்தது.

"அண்ணே, கை நழுவுது! சீக்கிரம்!"

பூட்டு விட்டது. பெட்டிகளைத் தன் கூடத்துக்குள் வீசினார். கட்டில் சட்டத்தை வீசினார். அலமாரியைத் தோளால் முட்டி வாசல் வழியாக உள்ளே தள்ளினார். பெஞ்சு கவிழ்ந்தது, மேஜை சுவரில் போய் மோதியது. திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்து நாற்காலியைப் பிடித்தார்.

அக்கா பிழைத்தாள். மயிரிழையில்தான் என்றார் டாக்டர். "இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகியிருந்தா கஷ்டம்தான்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னது ஸ்ட்ரெச்சர்காரருடைய நெஞ்சில் போய்க் குத்தியது.

வராந்தாவில் உட்கார்ந்து தாளை எடுத்தார். படியில் போனது ஐந்து நிமிஷம். டிரைவர் பக்கத்தில் நின்றான். திறந்த கதவையும் கொக்கியிலிருந்து வந்த சாவியையும் அவன் பார்த்திருந்தான்.

"விடுங்கண்ணே. அந்தக் கட்டத்த யாரு பாக்கப் போறா?"

அவர் 'வழியில் சாமான்' என்று எழுதினார். யாருடையது என்று கட்டம் கேட்கவில்லை. இருந்தாலும் பக்கத்தில் தன் வீட்டு எண்ணை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் அக்கா கண் விழித்தாள். படியில் நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. தம்பியைப் பார்த்ததும் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினாள். வார்த்தை வார்த்தையாகத்தான் பேச முடிந்தது. ஆனாலும் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"எங்கயாவது... இடிச்சுதாடா?"

அவர் முகமூடியை வாங்கி அவள் முகத்தில் சரியாகப் பொருத்தினார்.

"உன் வீட்ல எங்கயும் இடிக்கலக்கா" என்றார்.