அறுபது கிலோ எச்சில்

எங்கள் வீட்டு ஹோல் சுவரில், என் இடுப்பு உயரத்துக்கு, காய்ந்த பசை மாதிரி வரிவரியாக இருக்கும். வருகிறவர்கள் பெயின்ட் சரியில்லை என்று நினைப்பார்கள். பெயின்டுக்கு ஒன்றுமில்லை. நாய் தலையை உதறும்போது பறந்துபோய் ஒட்டிய எச்சில் அது. காய்ந்த பிறகென்றால் கத்தியால் சுரண்ட வேண்டும். ஈரத்தில் துடைத்தால் துணியோடு நூல் நூலாக இழுபடும். நான் இரண்டையும் செய்து பார்த்தவள். காய விடுங்கள்.

இந்தப் பிராணியை வாங்கியது நான் இல்லை, அண்ணன். போனில் படம் பார்த்தான், கொழும்புக்குப் போனான், பஞ்சு மூட்டை மாதிரி ஒரு குட்டியைக் கொண்டுவந்து எங்கள் அம்பிட்டிய வீட்டில் இறக்கினான். செயின்ட் பெர்னார்ட். "குடும்ப நாய்டி, பிள்ளைகளோட நல்லாப் பழகும்" என்றான். வீட்டில் பிள்ளைகளே இல்லை. கொஞ்ச மாதத்தில் அவனுக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது, பறந்துவிட்டான். கெம்பஸ் முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப்போட்டுக்கொண்டு சும்மா வீட்டில் இருந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே நாய் என் தலையில். அவன் வைத்த இங்கிலீஷ் பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை. அப்பா 'ராசா' என்றார். நான் 'எருமை' என்றேன். எப்படிக் கூப்பிட்டாலும் ஓடி வந்து மேலே ஏறியது.

பனிமலையில் இருக்க வேண்டிய ஜாதியைக் கண்டி மழையில் வளர்த்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. அதன் உரோமம் காய்வதே இல்லை. அடியில் தோல் சிவந்து, நீர் கசிந்து, பழைய தயிர்ச் சட்டி மாதிரி நாறும். காதுக்குள் கறுப்பாக ஒரு மெழுகு. ஒருநாள் மூக்கிலிருந்து இரத்தம் வடிகிறதே என்று டோர்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே ஓர் அட்டை குந்திக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தது. உப்புத்தண்ணீர் விட்டு, இடுக்கியால் இழுத்தேன். அட்டை வந்தது. கூடவே ஒரு தும்மலும் வந்தது, என் வாய் திறந்திருந்த நேரத்தில்.

சாப்பாடு அதைவிட மோசம். எங்கள் வீட்டில் மாடு சாப்பிட மாட்டோம். ஆனால் இந்த உருப்படிக்குக் கோழி வாங்கிக் கட்டுப்படியாகாது. எனவே பின்பக்கம் தனி அடுப்பு, தனிச் சட்டி, அதில் மாட்டு நுரையீரல். கொதிக்கும்போது அது பந்து மாதிரி ஊதி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அம்மா அந்தப் பக்கம் வரும்போது சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார். இறைச்சிக்கடை நானா, முஸ்லிம் அண்ணன், என்னைக் கண்டாலே சிரிப்பார்.

"என்ன தங்கச்சி, வூட்டுல யான கட்டி வெச்சிருக்கீங்களா?"

"யான எறச்சி தின்னுமா நானா?"

"நீங்க வாங்குறதப் பாத்தா, தின்னும் போலதான் இரிக்கி."

நாய் அம்மாவைத் தள்ளியதில்தான் கதை தொடங்குகிறது. உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவரின் தோளில் பின்னாலிருந்து இரண்டு காலையும் தூக்கி வைத்தது, பாசமாக. அம்மா அப்படியே கழிவுத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தார். எழும்பி வந்தபோது முழங்கையில் பாசி, கழுத்தில் எச்சில், முகத்தில் கொலைவெறி.

கம்பளையில் கட்டிக்கொடுத்த அக்கா அப்போது மாசமாக இருந்தாள். வளைகாப்பை எங்கள் வீட்டில் வைத்து, பிள்ளை பிறக்கும் வரைக்கும் இங்கேயே வைத்திருப்பதாக ஏற்பாடு.

"அவ வளைகாப்பு அன்னிக்கு இது ஒரு காலத் தூக்கி அவ மேல வச்சிச்சின்னா," என்றார் அம்மா, "அன்னிக்கே ஒம் பெரியப்பா வேன்ல ஏத்தி ஹேவாஹெட்டைக்கு அனுப்பிருவேன். சொல்லிப்புட்டேன்."

"இன்னிக்கே ஏத்துங்கம்மா. நானே கதவத் தொறந்து விடுறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே திறந்துவிட்டிருப்பேன்.

அடுத்த ஞாயிறு, இடம் எப்படி என்று பார்த்துவர அப்பாவும் நானும் ஹேவாஹெட்டைக்குப் போனோம். பெரியப்பாவுக்குத் தேயிலைக்குக் கீழே மரக்கறித் தோட்டம். கரட், லீக்ஸ், அழகான இடம்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரு நாய் கட்டியிருந்தது. முதலில் வந்தது நாற்றம். பிறகுதான் நாயைப் பார்த்தேன். குட்டியில் போட்ட சங்கிலியை யாரும் தளர்த்தவேயில்லை. கழுத்து வளர்ந்து, சங்கிலி சதைக்குள் போயிருந்தது. காயத்துக்குள் வெள்ளையாக ஏதோ அசைந்தது. சோறு கொதிக்கிற மாதிரி. புழு.

"இது காவல் நாய்," என்றார் பெரியப்பா, பல்லைக் குத்திக்கொண்டே. "தடவிக் குடுத்தா கெட்டுப்போயிரும். ஒங்க பெரிசு வந்திச்சின்னா இத அவுத்து விட்டுட்டு அத இதே எடத்துல கட்டிறலாம். சங்கிலி இருக்கு, புதுசா வாங்கத் தேவல்ல."

நான் கரட் பாத்தி ஓரத்தில் போய் வாந்தி எடுத்தேன்.

"என்னா புள்ள, பஸ் ஒத்துக்கலியா?" என்றார்.

அப்பா சட்டைக் கையை மடித்தார். பெரியம்மாவிடம் தேங்காய் எண்ணெயும் கற்பூரமும் கேட்டு வாங்கினார். கற்பூரத்தைப் பொடித்து எண்ணெயில் கரைத்துக் காயத்தில் ஊற்றினார். நான் அந்த நாயின் வாயைப் பிடித்துக்கொண்டேன். புழுக்கள் மூச்சுமுட்டி ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன. சங்கிலியைக் குறட்டால் வெட்டி, சேலைத் துண்டில் ஒரு பட்டி கட்டிவிட்டார். பெரியப்பா வாசலில் நின்று, "நாய்க்கு ஒப்பரேஷன் நடக்குதாம்" என்று பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்லிச் சிரித்தார்.

பஸ்ஸில் வரும்போது கையை முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். எங்கள் எருமையின் எச்சில் நாற்றமெல்லாம் ஒரு நாற்றமா? அதை இந்த மனுஷனிடம் கொடுக்கப்போவதில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். பாசம் பொங்கவில்லை. பெரியப்பாவின் மேல் அவ்வளவு அருவருப்பு.

"அப்ப பழக்கு," என்றார் அப்பா. "ஒங்கம்மா சொன்னா சொன்னதுதான்."

பழக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, அதைக் கெடுத்ததே நாங்கள். குட்டியாக இருந்தபோது காலைத் தூக்கினால் எல்லாரும் தூக்கிக் கொஞ்சினோம். இப்போது அறுபது கிலோ ஆனபிறகு அதே காலைத் தூக்கினால் கத்துகிறோம். கத்துவதும் அதற்குக் கொஞ்சல்தான். எனவே புதுச் சட்டம்: மேலே ஏற வந்தால் சத்தம் போடாமல், பார்க்காமல், முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். நாலு காலும் தரையில் இருந்தால் மட்டும் பரிசு. பரிசு என்ன? நெத்தலிக் கருவாடு. உப்புப் போக ஊறவைத்து, பிழிந்து, என் ஜீன்ஸ் பொக்கெட்டில். ஒருநாள் அதே ஜீன்ஸோடு இன்டர்வியூவுக்காகக் கண்டி டவுனுக்குப் பஸ் ஏறிவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஓர் அம்மா எழும்பிப் போய் நின்றுகொண்டார். இன்டர்வியூ எடுத்தவர் யன்னலைத் திறந்தார். வேலை கிடைக்கவில்லை.

அக்காவின் நடைக்கு நாய் பழக வேண்டுமே. வயிற்றில் தலையணையைக் கட்டி, மேலே அம்மாவின் நைட்டியைப் போட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசல் கேற்றால் உள்ளே வருவேன், போவேன், வருவேன். மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏன்டி, எத்தினை மாசம்? சொல்லவே இல்லியே!"

"நாயப் பழக்குறேன் அக்கா."

"நல்லா இருக்குடி. நாய் பேரச் சொல்லித் தப்பிக்கிறியா?"

இரண்டு கிழமையில் அம்பிட்டிய முழுக்க எனக்கு ஒரு மாப்பிள்ளை இருந்தான், சவூதியில்.

நாய் படித்தது. அப்பாதான் படிக்கவில்லை. சாப்பிட்டு முடியும்போது கடைசிச் சோற்றைக் கறியோடு உருட்டி அதன் வாயில் ஊட்டுவது அவர் பழக்கம். விரலிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் எச்சில். அதை அப்படியே இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துக்கொள்வார். இந்தச் சாதி மெதுவாக வளர வேண்டும், பாரம் கூடினால் இடுப்பு எலும்பு போய்விடும் என்று மிருக டொக்டர் சொல்லியிருந்தார்.

"ஒரு உருண்டதானேம்மா."

"ஒங்க ஒரு உருண்டையாலதான் சோத்துக் கையக் கண்டா பாயுது."

"என்னால அது மொகத்தப் பாத்துக்கிட்டுத் திங்க முடியல."

விடமாட்டார் என்று தெரிந்தது. எனவே அதையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தேன். உருண்டை சின்னது, முதலில் நாய் 'சிட்' என்றதும் உட்கார வேண்டும், அப்பா நீட்டும் வரைக்கும் அசையக்கூடாது. ஒரு வாரத்தில் அப்பா சோற்றைப் பிசைந்த உடனேயே எதிரில் வந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் குந்தி, இரண்டு கடைவாயிலும் இரண்டு எச்சில் கயிறு தொங்கக் காத்திருந்தது. நான் பெருமைப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வளைகாப்பு அன்று அக்கா கேற்றடியில் வந்து இறங்கினாள். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியப்பா வேனில் கயிறு கொண்டு வந்திருந்தார். கையில் சுற்றி வைத்துக்கொண்டே நின்றார். நாய் அக்காவை நோக்கிப் போனது, முகர்ந்தது, நாலு காலும் தரையில். வாலை மட்டும் ஆட்டியது. நான் ஒரு நெத்தலியைப் போட்டு, பின்பக்கம் கொண்டுபோய்க் கட்டினேன். முடிந்தது என்று நினைத்தேன்.

மழை தூறியது. அப்பா அவிழ்த்துவிட்டுவிட்டார். "நனையுதேன்னு பாத்தேன்," என்றார் பிறகு.

ஹோலில் அக்காவைக் கதிரையில் இருத்தி, பெண்கள் ஒவ்வொருவராக வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனம் பூசி, ஐந்து வகைச் சோற்றிலும் ஒவ்வொரு வாய் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா எலுமிச்சைச் சோற்றை உருட்டிக் கையைத் தூக்கினார். அந்த நேரம் நாய் உள்ளே வந்தது. ஒருத்தி வீறிட்டாள், இரண்டு பேர் கதிரையில் ஏறிவிட்டார்கள், வளையல் தட்டு கவிழ்ந்தது. அது யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் முன்னுக்குப் போய், அக்காவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில், நேராக உட்கார்ந்தது. கண் சோற்றில். கடைவாயில் கயிறு இறங்கியது. இறங்கி, நீண்டு, ஆடி, அக்காவின் நலங்கு வைத்த பாதத்தில் சொத்தென்று விழுந்தது.

அக்கா பாதத்தைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். வாந்தி எடுத்தாள். சர்க்கரைப் பொங்கல், புளிச்சோறு, எல்லாம்.

நாய் குனிந்து அதைத் தின்றது.

அது தரையைப் பளிச்சென்று நக்கி முடித்தது. அதைக் கண்ட அக்காவுக்குத் திரும்பவும் குமட்டியது. வாயைப் பொத்தினாள். நாய் நிமிர்ந்து, ஒழுங்காக உட்கார்ந்து, அசையாமல் காத்திருந்தது. நான் பழக்கிய மாதிரியே.

"சொன்னேன்ல," என்று பெரியப்பா கயிற்றோடு உள்ளே வந்தார். "புள்ளப் பெறப்போற வீட்டுல இந்தக் கருமம் எதுக்கு? புடிங்க, ஏத்துவோம்."

அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார். தரையைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அது அவ மேல கால வச்சிச்சா?"

"கால வைக்கல, ஆனா..."

"வச்சிச்சா, இல்லியா?"

"இல்ல."

"அப்ப இங்கதான் இருக்கும். நான் வேற எதுவும் சொல்லல. கயித்தக் கொண்டுபோயி வேன்ல வைங்க."

"ஏம்மா, அது வாந்தியத் திங்கிது!"

"நானும் பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறேன்!" என்று அம்மா கத்தினார். கத்திவிட்டு, குளியலறைக்கு ஓடினார்.

அதன்பிறகு ஒருவரும் சாப்பிட உட்காரவில்லை. பெரியப்பா, கோபம் வேறு பசி வேறு போல, புளிச்சோற்றை மட்டும் ஒரு பையில் கட்டிக்கொண்டு போனார். அக்கா கன்னத்துச் சந்தனத்தோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு, "இது என் ரூம் பக்கம் வந்திச்சி, நான் கம்பளைக்கே போயிருவேன்" என்றாள். வரவிட மாட்டேன் என்றேன்.

ஹோலைக் கழுவினேன், டெட்டோல் போட்டு இரண்டு தரம். முடித்து முதுகை நிமிர்த்தும்போது பின்வாசலில் ஒரு சத்தம், பைப்பில் காற்று வருகிற மாதிரி. போய்ப் பார்த்தேன். நாய் தின்றதெல்லாம் படியில் கிடந்தது, சூடாக, ஒரு முழு வளையலோடு. வாளி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அது திரும்பவும் குனிந்திருந்தது.

"சிட்," என்றேன்.

உட்கார்ந்தது.