மௌனசாமி என்று என் தம்பி வைத்த பெயர்

தங்கச்சி மகன் காதுகுத்துக்கு என் தம்பியை வரவிடாமல் செய்தவன் நான்தான். அதற்காக நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன். அவ்வளவுதான்!

எப்படி என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில், ஒரு லாட்ஜின் மாடியில் விஆர் கேம் கடை வைத்திருக்கிறேன். கண்ணை முழுசாக மூடுகிற ஒரு ஹெட்செட், இரண்டு கைக்கும் இரண்டு பிடி. மாட்டிக்கொண்டால் வேறு உலகத்தில் நிற்பீர்கள். அருவியில் வெள்ளம் வந்து போலீஸ் குளிக்கத் தடை போட்டால் எனக்குக் கூட்டம். தண்ணீர் வடிந்து குளிக்க விட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்தபிறகு தடை போட்டிருப்பார்கள். அந்த எண்ணெய்த் தலையோடு மாடி ஏறி வந்து ஹெட்செட்டை எடுத்து மாட்டுவார்கள். துண்டைக் கொடுத்துத் துடையுங்கள் என்றால் முறைப்பார்கள். நானும் முறைப்பேன். கோபத்தில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை. அதுதான் இந்தக் கதைக்கே காரணம்...

சீசன் முடிந்துவிட்டால் கடையில் நானும் மின்விசிறியும் மட்டும். அப்போது நானே விளையாடுவேன்.

பெரும்பாலானவை குப்பை. பிணங்கள் எழுந்து வந்து கடிக்கிற கேம் ஒன்று உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். இரண்டு முறை ஆடினால் எந்தப் பிணம் எந்தக் கதவில் வரும் என்று தெரிந்துவிடும், பிறகு என்ன பயம்? மலை ஏறுகிற கேம் ஒன்று புதிதாக வாங்கினேன். படம் அருமை. ஆனால் பாறையில் ஈரம் இல்லை, கால் வழுக்காது. பொதிகை மலைக்குக் கீழே கடை வைத்திருப்பவனை அது எப்படி ஏமாற்றும்? மீன் பிடிக்கிற கேமில் சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்க எனக்கு ஹெட்செட் எதற்கு?

ஒரே ஒரு கேம்தான் உண்மையானது. டேபிள் டென்னிஸ். பந்து பேட்டில் படும்போது கையில் ஒரு சின்ன அதிர்வு கொடுக்கும், ஒரு சத்தம் கொடுக்கும். அது போதும், மூளை நம்பிவிடும். ஒருநாள் இல்லாத மேசையில் கையை ஊன்றப்போய்க் கீழே விழுந்தேன்! அந்த அளவுக்கு நம்பும். எந்த ஊரில் இருப்பவனும் எதிரே வந்து நிற்கலாம். ஆள் முழுசாகத் தெரியாது. முகம் இல்லாத ஒரு தலை, இரண்டு கை, ஒரு பேட். தலையை நீங்கள் எப்படி அசைக்கிறீர்களோ, எதிரே இருப்பவனுக்கும் அப்படியே அசையும். மைக்கைத் திறந்து வைத்தால் பேசிக்கொள்ளலாம்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம், அப்படி எவனோ ஒருவன் எதிரே வந்து நின்றான். இடதுகைக்காரன். சர்வீஸ் போடுமுன் வலது உள்ளங்கையைக் கீழே இறக்கி, தொடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தேய்ப்பு தேய்த்தான். பந்தை மூக்கு உயரத்துக்குத் தூக்கி ஒரு நொடி பார்த்தான். எனக்குக் கை ஓடவில்லை.

அடுத்த பந்து வலையில் விழுந்ததும் அவன் தனக்குத்தானே சொன்னான்: "சவத்து மூதி, எங்கன போவுது பாரு."

முருகேசன். என் தம்பி!

தென்காசியில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு சிமெண்டு மேசை உண்டு. வலைக்குப் பதில் நடுவில் செங்கல் வரிசை. அங்கே அவனுக்கு பேட் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். தொடையில் கையைத் தேய்க்காதே என்று தலையில் குட்டியவனும் நான். அவன் அந்தப் பழக்கத்தை விடவே இல்லை...

நாங்கள் பேசிக்கொள்வதில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஒரு வருஷம் படுக்கையில் கிடந்தார். அம்மா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டாள். ஆகவே அள்ளிக்கொட்டியது, குளிப்பாட்டியது எல்லாம் நான். தம்பி புனேயில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். போனில் நலம் விசாரிப்பான். அப்பா இறந்த அன்று பதறி அடித்துக்கொண்டு வந்தான். மதுரையில் இறங்கி, கார் ஏறிவிட்டேன் என்று போன் செய்தான். அவன் வந்து முகத்தைப் பார்க்கட்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். பொழுது சாயப்போகிறது, எடுங்கள் என்றேன் நான். பொழுது சாய நிறைய நேரம் இருந்தது! உயிரோடு இருந்தபோது பார்க்க வராதவனுக்குப் பிணத்தின் முகம் எதற்கு என்று நினைத்தேன். அவன் வந்து சேர்ந்தபோது நெருப்பு மட்டும்தான் இருந்தது.

பதினாறாம் நாள், பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, ஏன் காத்திருக்கவில்லை என்று அவன் என்னிடம் கேட்டான். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் கேட்டான். நான் அறைந்தேன். அவன் பெண்டாட்டி இலை போட்டுக்கொண்டு நின்றாள். அன்று போனவன்தான். அவனைப் பற்றி என்னிடமும், என்னைப் பற்றி அவனிடமும் பேசக்கூடாது என்று தங்கச்சி செல்விக்கு உத்தரவு போட்டேன். நான் இந்தக் கடை வைத்ததுகூட அவனுக்குத் தெரியாது.

இப்போது அவன் எதிரே நிற்கிறான். நான் என்ன செய்தேன் தெரியுமா? மைக்கை அணைத்தேன்.

அவன் பந்தைத் திட்டினால் எனக்குச் சிரிப்பு வரும், தலை குலுங்கும். அதைப் பார்த்துத் தமிழா என்று கேட்டான். தலையை மேலும் கீழும் ஆட்டினேன். மைக் கெட்டுப்போச்சா என்றான். ஆட்டினேன். மதுரையா என்றான், இல்லை. சென்னையா என்றான், ஆமாம். இப்படித்தான் பொய் தொடங்கியது. "சரிவே மௌனசாமி, சர்வீஸ் போடும்" என்றான். பிறகு அதுவே பெயராகிவிட்டது.

தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வருவான். நானும் காத்திருப்பேன். பதில் பேசாத ஆளிடம் மனிதர்கள் எவ்வளவு பேசுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது! மகளுக்குப் பல் முளைத்ததைச் சொன்னான். மேனேஜரைத் திட்டினான். அண்ணன் ஒருவன் இருக்கிறான், முரடன், ஆனால் அவன் போடுகிற சுழல் பந்தை இன்றுவரை எவனும் போட்டதில்லை என்றான். அன்று வேண்டுமென்றே தோற்றேன். சுழல் பந்தே போடவில்லை.

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்கிறீர்களா? இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த இரண்டு மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தது...

பங்குனி பிறந்தது. செல்வி சுந்தரபாண்டியபுரத்தில் வாக்கப்பட்டவள். அவள் மகனுக்கு எங்கள் சாஸ்தா கோவிலில், பங்குனி உத்திரத்தன்று மொட்டை போட்டுக் காது குத்துவதாக முடிவாயிற்று. அவள் கெட்டிக்காரி. மொட்டை சின்ன அண்ணன் மடியில், காதுகுத்து பெரிய அண்ணன் மடியில் என்று பிரித்துவிட்டாள். தாய்மாமன் மடி இல்லாமல் இரண்டும் நடக்காது. இரண்டு மாமனும் வந்தே தீர வேண்டும். "அவன் வந்தா நீ மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கக்கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். சரி என்றுதான் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

அடுத்த நாள் மத்தியானம் தம்பி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சர்வீஸ் போடாமல் நின்றான்.

"மௌனசாமி, ஒண்ணு கேக்கட்டுமாவே? தங்கச்சி காதுகுத்துக்குக் கூப்பிடுதா. போவணும்னுதான் இருக்கு. அங்கன எங்க அண்ணன் நிப்பான். அவன் ஒரு வார்த்தை பேசிட்டான்னா போதும், நான் கால்ல வுழுந்துருவேன். ஆனா பொண்டாட்டி முன்னாடி இன்னொரு தடவ அசிங்கப்படுத்திட்டான்னா என்னால தாங்க முடியாது. நீரு சொல்லும். போவவா, வேண்டாமா?"

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று.

ஏன்?

எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். அவன் வரக்கூடாது என்று அதற்கு முந்தைய நொடிவரை நான் நினைக்கவில்லை, சத்தியம். ஆனால் அவன் காலில் விழுவதாகச் சொன்னானே... தப்புச் செய்தது நான், காலில் விழுவது அவனா? அவன் விழுந்தால் நான் என்ன செய்வது? சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவில், நான் காத்திருந்திருக்கலாம் முருகேசா என்று நான் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல என்னால் ஆகாது. அதற்குத்தான் பயந்தேன். கோபக்காரன் என்று பெயர் வாங்கியவனுக்குள் இருந்தது வெறும் பயம்!

ஹெட்செட்டுக்குள் என் முகம் எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. தலை அசைந்தது மட்டும் தெரிந்தது. "நீரும் அப்படித்தான் நெனைக்கீரா" என்றான். பந்தைப் போட்டான்.

அவன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று முந்தின நாள் போன் செய்தானாம். மொட்டையும் என் மடியில், காதுகுத்தும் என் மடியில். ஆசாரி ஊசியை இறக்கும்போது பையன் வீறிட்டு அழுது என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் நிற்கிறவன் மூத்தவன்தான் என்ற பார்வை அது. நான் வாங்கிக்கொண்டேன். மறுக்கவில்லை.

செல்வி அழவில்லை. இலையில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "லீவு கெடைக்காதவன் மாமன் இல்லண்ணே. இனி எனக்கு நீ ஒருத்தன்தான்."

அப்போது சொல்லியிருக்கலாம். பாயசம் ஊற்று என்றேன்.

அவன் என்னோடு பேசாமல் இருந்த காலத்திலும் அவனுக்கு ஊர் என்று ஒன்று இருந்தது. அது செல்விதான். அந்தக் கயிற்றையும் நான் அறுத்தேன். அவளே அறுத்ததாக அவள் நினைக்கிறாள், அவனே அறுத்ததாக அவன் நினைக்கிறான். அறுத்தவன் நடுவில் நிற்கிறேன், கத்தியும் கையுமாக, ஒருவர் கண்ணிலும் படாமல்...

அதன் பிறகும் அவன் விளையாட வந்தான். பேச்சு குறைந்துபோயிற்று. தங்கச்சி திட்டித் தீர்த்துவிட்டாள், இப்போது போனையே எடுப்பதில்லை என்று ஒருநாள் சொன்னான். நீர் சொன்னதைக் கேட்டது தப்போ என்று என்னிடமே கேட்டான். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. நான் அசையாமல் நின்றேன். அதற்கும் தலையாட்டியிருந்தால் நான் மனிதனே இல்லை.

ஆனி வந்தது. சாரல் பிடித்தது. ஒரு மத்தியானம், அருவியில் குளிக்க விட்டிருந்தார்கள், கடையில் ஆள் இல்லை. அவன் வந்து நின்றான். தொடையில் கையைத் தேய்த்தான். எனக்கு என்ன ஆயிற்றோ, மைக்கைத் திறந்துவிட்டேன். சொல்லிவிடுவது என்றுதான் திறந்தேன். இதையாவது நம்புங்கள்.

வாய் வரவில்லை. மூச்சுமட்டும்தான் போயிருக்கும்.

"மைக் சரியாயிட்டாவே? பேசும்" என்றான். அந்தக் குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

அந்த நேரம் பார்த்துப் படியில் யாரோ ஏறி வந்தார்கள். ஈரத்துண்டோடு வந்தவராக இருக்க வேண்டும். "அண்ணாச்சி, ஐந்தருவிக்கு இப்படித்தான் போவணுமா?" என்று உரக்கக் கேட்டார்.

சென்னைக்காரன் என்று தலையாட்டியவனிடம், வாயே திறக்காதவனிடம், ஐந்தருவிக்கு வழி கேட்கிறார்கள். எதிரே அந்தத் தலை அசையாமல் நின்றது. பந்து அவன் கையிலிருந்து விழுந்து மேசையில் குதித்துக் குதித்துப் போயிற்று. அவன் எடுக்கவில்லை.

"அண்ணே... நீயா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

கேட்டீர்களா? இல்லை என்று ஆட்டினேன்! காதுகுத்துக்குச் சொன்ன பொய்க்காவது பயம் என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். இதற்கு என்னிடம் காரணமே இல்லை.

 பிறகு அந்தத் தலை சரேலென்று இறங்கித் தரைக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. ஹெட்செட்டைக் கழற்றிக் கீழே வைத்தால் எதிரில் இருப்பவனுக்கு அப்படித்தான் தெரியும். கை இரண்டும் கீழே கிடந்தன. பிறகு அவையும் மறைந்தன. படியில் வந்தவர் இன்னும் வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவன் வரவில்லை. நான்தான் என்று தெரிந்துகொண்டு போனானா? இல்லை, என் தலையாட்டலை நம்பிவிட்டானா? தெரிந்திருந்தால், காதுகுத்துக்கு வேண்டாம் என்றது யார் என்றும் சேர்த்துத்தான் தெரிந்திருக்கும். எது நடந்திருந்தாலும் அவன் என்னைக் கேட்கப் போவதில்லை. அவன் எண் என் போனில் இருக்கிறது. நான் அழைக்கவில்லை.

சென்ற வாரம் செல்வி மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். பையனுக்கு முடி நன்றாக வளர்ந்துவிட்டது. அவள் ஜன்னல் பக்கம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்: "சின்னண்ணன் உங்கிட்ட ஏதும் பேசுனானாண்ணே? நான் ரொம்பத்தான் பேசிட்டேனோன்னு இருக்கு."

"எங்கிட்ட அவன் எதுக்குப் பேசுதான்?" என்றேன்.

 பையன் தனக்கும் மாட்டிவிடச் சொல்லி ஹெட்செட்டை இழுத்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து அவன் தலைக்கு வாரைச் சரிசெய்யத் தொடங்கினேன்.