கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட சிரிப்பு

அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பத்துக்கு நான் குடிவந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். என் கணவர் சில ஆண்டுகள் கோலாலம்பூரில் ஒப்பந்த வேலை பார்த்தார். அங்கேதான் எங்களுக்குப் பழக்கம், பிறகு கல்யாணம். அவருடைய ஒப்பந்தம் முடிகிற சமயத்தில் இங்கே மாமனார் இறந்துபோனார். அம்மாவைத் தனியாக விட முடியாது என்றார் கணவர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நான் வேலை பார்த்த காப்பீட்டு நிறுவனம், வேலையை விட வேண்டாம், இந்தியாவில் இருந்தே செய் என்றது. சம்பளம் இருக்கும், சுற்றிலும் தமிழ் இருக்கும், இதற்கு மேல் உனக்கு என்னடி வேண்டும் என்று என் அக்கா கேட்டாள்.

சுற்றிலும் தமிழ் இருந்ததுதான் என்னை அதிகம் சோர வைத்தது. வேறு மொழி பேசுகிற நாட்டுக்குப் போயிருந்தால், புரியாத ஊரில் இருக்கிறோம் என்று மனம் முதல் நாளே ஒப்புக்கொண்டிருக்கும். இங்கே எல்லாம் புரிந்தது, ஆனால் நான் வாயைத் திறந்தால் கடைக்காரர் தலையைத் தூக்கி, “சிலோனாம்மா?” என்று கேட்பார். இல்லை என்று சொல்லி, மலேசியா என்று சொல்லி, அங்கே தமிழர்கள் உண்டு என்று விளக்கி, அரைக் கிலோ வெங்காயம் வாங்கி வருவதற்குள் அலுத்துவிடும். வந்த புதிதில் ஒரு காலையில் அத்தையிடம், “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை அப்படித்தான் கேட்போம்.

“பசியாற நான் இன்னா கோயில் வாசல்லயா குந்திகினு கீறேன்?” என்றார் அத்தை.

கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டம்மாவிடம் அதைச் சொல்லிச் சிரித்ததையும் கேட்டேன். ஆனாலும் அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் அந்த வீட்டில் சொன்னதில்லை.

என் அலுவலகம் பின்பக்கத்துப் படுக்கையறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த அடுக்குமாடியின் சுவர், கையை நீட்டினால் தொடலாம். பகலிலும் விளக்கு வேண்டும். கோலாலம்பூரில் ஒன்பது மணி என்றால் இங்கே ஆறரை. வீடு எழுந்து காபி போடுவதற்குள் நான் கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கியிருப்பேன். வாகன விபத்துகளுக்கு இழப்பீடு கேட்டு வருகிற மனுக்களைச் சரிபார்ப்பது என் வேலை. நசுங்கிய கார்களின் படங்கள், பட்டறைகள் தரும் மதிப்பீடுகள், போலீஸ் அறிக்கைகள். கிள்ளான் சாலையில் மழை பெய்து யார் யார் மோதிக்கொண்டார்கள் என்பது எனக்கு உடனே தெரியும். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் பள்ளம் தோண்டியிருப்பது சாயங்காலம் வெளியே போனால்தான் தெரியும்.

அத்தை அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்ச் செய்கிற ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வேலை என்றால் அவருக்குச் சங்கு ஊத வேண்டும், சாப்பாட்டு டப்பா தூக்க வேண்டும், நின்று நின்று கால் வீங்க வேண்டும். “இன்னா வேலயோ, ஊட்ல குந்தினே பேசிகினு கீது” என்று வருகிறவர்களிடம் சொல்வார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து முருங்கைக்காயைக் காட்டி, சாம்பாருக்கா பொரியலுக்கா என்று கேட்பார். கதவைத் தட்டும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

நான் இங்கே வந்த பிறகு, கோலாலம்பூரில் என் நாற்காலிக்கு ஒரு சீனப் பெண்மணியை எடுத்தார்கள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வயதான தாயோடு இருந்தார். ஒரு பிரிவின் மனுக்களை எங்கள் இருவரிடமும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர் பட்டறைகளுக்குப் போன் செய்து விசாரிப்பார், நான் காகிதங்களைப் பார்ப்பேன். முதலில் தேவைப்படும்போது மட்டும் கணினியில் அழைத்துப் பேசினோம். ஒவ்வொரு தடவையும் அழைத்துத் துண்டிப்பது எதற்கு என்று ஒரு நாள் அவர்தான் கேட்டார். அதன் பிறகு காலையில் இணைப்பைத் திறந்தால் வேலை முடிகிறவரை அப்படியே திறந்துகிடக்கும்.

பேசிக்கொண்டே இருப்போம் என்று இல்லை. பாதி நேரம் அவருடைய விசைப்பலகைச் சத்தமும் குளிர்சாதனத்தின் முனகலும்தான் கேட்கும். சில மதியங்களில் அங்கே இடி இடிப்பது கேட்கும். என் பக்கத்திலிருந்து குக்கர் விசில், பழைய இரும்பு வாங்குகிறவரின் ஒலிபெருக்கி. அந்த ஆள் என்ன விற்கிறார் என்று ஒரு நாள் அவர் கேட்டார். விற்கவில்லை, வாங்குகிறார், தலைமுடிகூட வாங்குவார்கள் என்று மலாயில் சொன்னேன். அன்றைக்குச் சிரித்த சிரிப்பை மறக்க முடியாது. மூச்சு எங்கோ சிக்கிக்கொண்ட மாதிரி ஒரு சீறலில் தொடங்கும், பிறகு வெடித்துக் கிளம்பும். நான் அவசரமாக ஒலியைக் குறைப்பேன். எனக்கு ஒரு கர்ப்பம் தங்காமல் போனபோது, அத்தைக்குத் தெரியும் முன்பே அவரிடம் சொன்னேன். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அன்று என் பங்கு மனுக்களையும் அவரே முடித்து அனுப்பிவிட்டு, போய்ப் படு என்றார்.

ஒரே அறையில் நாங்கள் இருந்ததே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு முகம், தோள்வரை ஒரு உடம்பு, பின்னால் ஒரு சாம்பல் நிறத் தடுப்பு.

மழைக்காலத்தில் ஒரு நாள், காய்ச்சல் அடிக்கிறது, எலும்பெல்லாம் வலிக்கிறது, நாளைக்கு வரமாட்டேன் என்றார். பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொன்னேன். அடுத்த நாள் நலம் விசாரித்ததற்கு ஒரு பூனைப் படம் அனுப்பினார். அதற்கு அடுத்த நாள் பதில் இல்லை. தூங்குவார் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை கணினியைத் திறந்ததும் அலுவலகக் குழுவில் ஒரு அறிவிப்பு இருந்தது. டெங்கு முற்றி முந்தின நாள் மாலை மருத்துவமனையில் இறந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகளின் படங்கள். அதற்கும் கீழே, காலைக் கூட்டம் வழக்கமான நேரத்துக்கு நடக்கும் என்ற மேலாளரின் செய்தி.

கூட்டத்தில் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் மௌனம் என்றார்கள். எல்லாரும் கேமராவை அணைத்துவைத்திருந்ததால் திரையில் பெயர்களின் முதலெழுத்துகள் மட்டும் வட்ட வட்டமாக நின்றன. பிறகு அவர் கையிலிருந்த மனுக்களை யாருக்குத் தருவது என்று பேசினார்கள். எனக்குத் தந்தார்கள்.

வெளியே வந்தபோது அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் கணவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அறைக்குள் அழைத்து அவரிடம் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே கஷ்டமாகிவிட்டது, கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ நாள் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து அந்தப் பெண்மணிக்கு வணக்கம் சொன்னவர்தான். நான் போக வேண்டும் என்றேன். என் விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த நேரம் அது.

“இப்ப நீ வெளிய போனா திரும்பி உள்ள வர்றது சிக்கலாயிடும்” என்றார். “சொந்தக்காரங்கன்னாகூட எதையாவது சொல்லிக் கேட்டுப் பாக்கலாம். கூட வேலை செஞ்சவங்கன்னு என்னான்னு சொல்றது?”

மென்மையாகத்தான் சொன்னார். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே என் தலையைத் தடவிவிட்டுக் கிளம்பினார். நான் திரும்பவும் அறைக்குப் போய் வேலையில் உட்கார்ந்தேன். தாய் தகப்பன், கணவன், உடன்பிறந்தவர்கள் இறந்தால் கம்பெனி விடுப்பு தரும். இதற்கு என்னவென்று கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சடங்கு நாளன்று அலுவலகத்துப் பையன் ஒருவன் அங்கிருந்து காணொளியில் அழைத்தான். நான் கேட்டுக்கொண்டதால் அழைத்தான், பாவம். மண்டபம் முழுக்க வெள்ளைப் பூக்கள், ஊதுவத்திப் புகை, வெள்ளைச் சட்டை போட்ட மனிதர்கள். போனை மெதுவாகச் சுற்றிக் காட்டிக்கொண்டே போனான். ஒரு பலகையில் அவருடைய பழைய படங்களை ஒட்டிவைத்திருந்தார்கள். நடுவில் இருந்த படத்தில் அவர் கடற்கரையில் முழு உருவமாக நின்றார். ஒரு அக்குளில் ஊன்றுகோல். குட்டைப் பாவாடைக்குக் கீழே ஒரு கால் சூம்பி, மற்றதைவிடச் சிறியதாகத் தொங்கியது.

எனக்குத் தெரியாது. தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று போனால் வர வெகுநேரம் ஆகும். வழியில் யாருடனோ நின்று பேசுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவருடைய தாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பையன் என்னைக் காட்டி ஏதோ சொன்னான். அந்த அம்மாள் திரையைப் பார்த்தார், யாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே சிக்னல் சரியில்லை அக்கா என்று சொல்லி அவன் துண்டித்தான்.

அப்போதுதான் எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது. கதவைத் திறந்துகொண்டு அத்தை வந்தார். கையில் கரண்டி இருந்தது. இன்னாச்சு என்றார். கூட வேலை பார்த்தவர் செத்துப்போய்விட்டார் என்றேன். எந்த ஆள் என்று அவருக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவரே கேட்டார்.

“சத்தமா சிரிக்குமே, அந்தப் பொண்ணா?”

தலையாட்டினேன். அத்தை கரண்டியை மேஜைமேல் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வேலை பார்க்கிற அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“நாலஞ்சு நாளா சத்தத்தையே காணோம். ஊருக்குப் போயிருக்கும்னு நெனச்சிகினு கீறேன் நானு” என்றார்.

வயது என்ன, கல்யாணம் ஆனதா, யார் கொள்ளி வைத்தது என்றெல்லாம் விசாரித்தார். தாய் மட்டும்தான் என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தானாகவே ஒரு சம்பவத்தைச் சொன்னார். கம்பெனியில் அவருக்குப் பக்கத்தில் நின்று பல வருஷம் பெட்டி மடித்த ஒருத்தி, காலையில் வேலைக்கு வருகிற வழியில் ரயிலில் அடிபட்டுச் செத்துவிட்டாளாம். செய்தி வந்தபோது இவர்கள் வேலையில் இருந்தார்கள். ஷிப்டு முடிந்ததும் போய்ப் பாருங்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஒரு பெட்டிகூடக் குறையவில்லை என்றார் அத்தை. போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்களாம். இதை அவர் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

என் கணினியில் யாரோ அழைத்தார்கள். நான் எழப் போனேன். அத்தை என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

“அடிக்கட்டும். சாவப் பாத்துட்டு அப்டியே குந்தக் கூடாது. எந்திரி, தலைக்கு ஊத்திகினு வா. தண்ணி நான் காய வெக்கிறேன்.”

போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். வெந்நீர் கண்ணில் இறங்க இறங்க, ஒரு சாவு நடந்துவிட்டது என்பது அந்த வீட்டில் எனக்கு உறைத்தது. வெளியே வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு நாங்கள் தாயும் மகளும் போல ஆகிவிட்டோம் என்று சொன்னால் பொய். அடுத்த வாரமே மழைக்கு முன்னால் துணி எடுக்கவில்லை என்று கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன்.

கோலாலம்பூரில் அந்த இடத்துக்கு ஒரு இளைஞன் வந்தான். மரியாதையானவன். வேலை இருந்தால் அழைப்பான், முடிந்தால் நன்றி சொல்லித் துண்டிப்பான். அறை அவ்வளவு அமைதியாகிவிட்டது. அடுத்த கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் ஓடுவது அப்போதுதான் என் காதில் விழத் தொடங்கியது. மதியத்துக்கு மேல் திரையைப் பார்க்க முடியாமல் தலை கனக்கும். என் கணவர் டாக்டரிடம் அழைத்துப் போனார். வெயிலில் கொஞ்சம் நடக்கச் சொன்னார் டாக்டர். எந்தத் தெருவில் நடந்தாலும் யாராவது எந்த ஊரம்மா என்று கேட்டார்கள்.

சில மாதங்கள் கழித்து, வெளியூரில் இருந்து வேலை செய்கிற எல்லாரும் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று கம்பெனி சொன்னது. அவகாசம் கேட்டேன், தரவில்லை. ராஜினாமா எழுதி அனுப்பினேன். கணினியைத் தூதஞ்சலில் திருப்பி அனுப்பிய பிறகு அந்த மேஜையை மாடிக்குத் தூக்கிப் போட்டோம்.

இப்போது என் விசா தாள்கள் சரியாகி, ஐயப்பன்தாங்கலில் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மதியம் பெண்கள் ஆறேழு பேர் சேர்ந்து சாப்பிடுகிறோம், நல்லவர்கள், டப்பாவை நடுவில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். நான் சிரிக்கிறேன், கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். வீட்டு விஷயம் எதையும் அங்கே சொன்னதில்லை. சொல்லத் தோன்றவில்லை.

போன வருஷம் அக்கா மகளின் திருமணத்துக்குக் கிள்ளானுக்குப் போனேன். என்னோடு வேலை பார்த்தவருடைய அஸ்தியை வைத்திருக்கும் இடத்துக்கு ஒரு தடவை போய் நின்றுவிட்டு வர வேண்டும் என்று நினைத்திருந்தேன். பழைய மேலாளர் வேலையை விட்டுப் போயிருந்தார். அன்று போனில் காட்டிய பையனுக்கு மண்டபம் நினைவிருந்தது, அஸ்தியை எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை. தாய் ஈப்போவில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள், யார் வீடு என்று தெரியவில்லை. ஒரு நாள் அந்த அலுவலகக் கட்டடத்துக்கே போனேன். காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நான் பார்க்க வந்தவர் உயிரோடு இல்லை, சொல்ல எனக்கு ஒரு பெயரும் இல்லை. கீழ்த்தளத்தில் சற்று நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பி வந்த அன்று மத்தியானம் அத்தை கதவைத் திறந்தார். பெட்டியை உள்ளே வைப்பதற்குள், அந்தப் பொண்ணை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.

“அவ்ளோ பெர்ய ஊரா அது?”

“பெரிய ஊர்தான் அத்தை.”

அவர் ரசத்தைச் சூடு பண்ண அடுப்படிக்குப் போனார். நான் பெட்டியைத் திறக்காமல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.