பொருத்துவது இலவசம்

வெந்நீர் ஹீட்டர் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கியதும், அதைச் சுவரில் மாட்டித் தரும் துவான் அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறார். வீட்டுக்காரர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டாலும் எழுந்திருப்பதில்லை. பெட்டியின் நாடாவைக் கிழித்துவிட்டால் கடை அந்த ஹீட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ளாது; அதற்குப் பிறகு பேசுகிற பேச்செல்லாம் சண்டையில்தான் முடியும். ஆகவே முதலில் பட்டியல், அப்புறம்தான் கத்தி.

பட்டியல் என்பது பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள். இரண்டு குழாய்கள், ஒரு வால்வு, சுவரில் இறக்கும் போல்ட்டுகள், தனி ஸ்விட்ச், மீட்டர் கணக்கில் வயர், தரையில் அடிக்கும் எர்த் கம்பி. எதிரே விலைகள். எல்லாவற்றையும் ஒரே சுருதியில், எங்கும் நிறுத்தாமல் வாசித்து முடிப்பார். முடிப்பதற்குள்ளேயே எதிரில் நிற்பவரின் முகம் மாறியிருக்கும்.

"மாட்டறது ஃப்ரீன்னு நோட்டீஸ்ல போட்டிருந்தாங்களே?"

"மாட்டறது ஃப்ரீதான். பெட்டி உங்களோடது, சுவரும் உங்களோடது. நடுவுல இருக்கறதுக்குத்தான் காசு."

முன்பெல்லாம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஹனோயில் குளிர் இறங்கிவிட்டால் ஒரு நாளைக்கு ஆறு வீடு. ஆறு வீட்டிலும் இதே கேள்வி. இப்போது சிரிப்பு வருவதில்லை. கேள்வி வருவதற்கு முன்பே பதிலைச் சொல்லிவிட்டு, கேள்வி வந்ததும் மறுபடி ஒருமுறை சொல்கிறார்.

நாற்பத்தாறு வயது. ஒல்லியான ஆள், இல்லாவிட்டால் இத்தனை பெட்டிகள் தாங்கியிருக்காது. மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் அலுமினிய ஏணி, பின்னால் ஹீட்டர், முன்னால் துளைபோடும் மெஷின். மழைக்கோட்டைக் கழற்றவே மாட்டார். கழற்றி மாட்டுகிற நேரத்தில் ஒரு போல்ட் இறக்கிவிடலாம் என்பார். குளியலறைக்குள் நுழைந்ததும் விரல் முட்டியால் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்பார். பழைய அடுக்குமாடிகளில் தடுப்புச் சுவர் ஒற்றைச் செங்கல்தான். இருபது லிட்டர் தண்ணீரின் பாரத்தை அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பது அந்தச் சத்தத்திலேயே தெரியும். சில சுவர்களுக்குச் சரி என்று தலையை ஆட்டுவார். தாங்காத சுவர்களைப் பார்த்து, "உனக்கு வேற வேலையே இல்லையாடா?" என்று முணுமுணுப்பார்.

ஒரு ஹீட்டர் மாட்டினால் கடை அவருக்குக் கொடுப்பது எண்பதாயிரம் டோங். இரண்டு கிண்ணம் ஃபோ சூப் குடித்தால் தீர்ந்தது. பெட்ரோலும் வாடகையும் பெண்ணின் படிப்புச் செலவும் அந்தத் தாளில் உள்ள குழாயிலும் வயரிலும் கிடைக்கிற சொற்ப லாபத்தில்தான் ஓடுகின்றன. இது எல்லோருக்கும் தெரியும். தாளைப் போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. பழைய ஹீட்டரில் கிடந்த துருப்பிடித்த குழாயைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, இதையே போடு என்று நீட்டுகிறவர்களும் உண்டு. அதையெல்லாம் துவான் வாங்கிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார். "இலவசம்னு எழுதினவன் ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கான். திட்டு வாங்கறதுக்கு மட்டும் நான் வந்திருக்கேன்" என்று தெருமுனைத் தேநீர்க்காரியிடம் சொல்லிவிட்டு, மூங்கில் புகைக்குழலில் ஒரே ஓர் இழுப்பு இழுத்து, அடுத்த வீட்டுக்குப் புறப்படுவார்.

அவர் வீட்டில் ஹீட்டர் கிடையாது. வாடகை அறை. சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரர் விடமாட்டார். மனைவி கெட்டிலில் வெந்நீர் வைத்துத் தருகிறாள்.

புத்தாண்டுக்கு மூன்று வாரம் இருக்கையில், பத்து டிகிரிக் குளிரில், ஹியென் என்ற பெண்ணின் வீட்டுக்குப் போனார். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் நாலாவது மாடி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். கணவன் ஹாய்ஃபோங் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான். இடுப்பில் எட்டு மாதப் பையன். வீட்டில் கூப்பிடும் பெயர் இறால். அவனைக் குளிப்பாட்டத்தான் ஆறு மாதம் சேர்த்துவைத்து இந்த ஹீட்டரை வாங்கியிருந்தாள்.

துவான் பட்டியலை வாசித்தார். சுவருக்குத் தலையை ஆட்டிவிட்டார். எர்த் என்ற இடத்தில் வண்டி நின்றுபோனது. அந்தக் கட்டடத்தில் எர்த் இல்லை. ஜன்னல் வழியாக வயரை வெளியே விட்டு, நாலு மாடி கீழே இறக்கி, மண்ணில் கம்பி அடித்துக் கட்டவேண்டும். அதற்கு மட்டும் நாலு லட்சம் டோங்.

"அது இல்லாம மாட்டிடுங்கண்ணே," என்றாள் ஹியென். "ஸ்விட்சை அணைச்சிட்டுத்தானே குளிக்கப் போறோம்? இந்தக் கட்டடத்துல எல்லாரும் அப்படித்தான்."

"ஒருநாள் மறந்துட்டா?"

"நான் எதையும் மறக்கமாட்டேன்."

"சரிம்மா. இவன் நடக்க ஆரம்பிச்சு, தானே குழாயைத் திருகுவான். இவன் ஸ்விட்சைப் பார்ப்பானா?"

அவள் கணவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். லாரி இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது. "ஷாக் அடிச்சா அணைஞ்சுபோற பட்டன் அதுலயே இருக்கு. அந்த ஆளு வயர் விக்கப் பார்க்கறான். ஒத்த ஸ்டார் போட்டுருவேன்னு சொல்லு, சத்தம் போடாம மாட்டிட்டுப் போவான்."

"பட்டன் கெட்டுப்போனா கெட்டுப்போச்சுன்னு சொல்லாது தம்பி," என்றார் துவான், போனைப் பார்த்து. "வயர் இருந்தா கரண்டு மண்ணுக்குப் போகும். இல்லேன்னா குளிக்கறவங்க வழியாத்தான் போகும்."

"பார்த்தியா? எப்படிப் பேசறான் பாரு. இப்படி பயங்காட்டித்தான் பணம் பறிக்கறது."

அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு ஒற்றை நட்சத்திரம் விழுந்திருந்தது. மூன்றாவதும் விழுந்தால் புத்தாண்டு வரைக்கும் கடை வேலை தராது. மாட்டிவிட்டுப் போவது அரைமணி நேர வேலை. துவானுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. வந்தது ஓர் அலுப்பு. தான் சொல்வது உண்மை; அதில் தனக்கு லாபம் இருப்பதும் உண்மை. இதை வைத்துக்கொண்டு யாரைத்தான் நம்ப வைப்பது? இடுப்பிலிருந்த பையன் அவருடைய ஏணியைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்காமலிருக்க முயன்று, முடியாமல், தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"என்கிட்ட வாங்காதீங்க," என்றார். "சந்து முனையில எலெக்ட்ரிக் கடை இருக்கு. இருபது மீட்டர் செம்பு வயர், ஒரு எர்த் கம்பி. உங்க கையால வாங்கிட்டு வாங்க. சும்மா மாட்டித் தர்றேன்."

லாரிச் சத்தத்தோடு கணவனின் குரல் வந்தது. "அதுல உனக்கு என்னய்யா கிடைக்கும்?"

"கடை கொடுக்கற எண்பதாயிரம்."

"எர்த் வேண்டவே வேண்டாம்னா?"

"பெட்டியைத் தூக்கிட்டு இறங்கிடுவேன் தம்பி. ஸ்டார் உங்க இஷ்டம்."

ஹியென் போனை அணைத்தாள். ஜன்னலுக்கு வெளியே தூறலைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அங்கே கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்மணியிடம், "அக்கா, ஒரு கண்ணு வெச்சுக்குங்க" என்று குரல் கொடுத்தாள். "அண்ணே, இந்தக் குளிர்ல இவனை வெளிய தூக்கிட்டுப் போக முடியாது. கொஞ்சம் பிடிச்சுக்குங்க." அவர் பதில் சொல்வதற்குள் பையன் அவர் கையில் இருந்தான்.

நாலு லட்சத்துக்கு நம்பாதவள் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போகிறாளே என்று துவானுக்குத் திகைப்பாக இருந்தது. அவர் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. சட்டென்று நினைவு வந்தவராகப் பையனை இடது முழங்கையில் ஏந்திக்கொண்டு, வலது கையை அக்குளில் வைத்துச் சூடாக்கினார். பிறகு இடது கை. இறால் முதலில் உதட்டைப் பிதுக்கினான். மழைக்கோட்டின் சரசரப்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது. துவான் ஒற்றைக் கையால் தட்டுத் தடுமாறிக் கோட்டைக் கழற்றிக் கீழே போட்டார். உள்ளே பழைய கம்பளிச் சட்டை. பையன் அதில் முகத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு அடங்கினான். துவான் அறைக்குள் மெல்ல நடக்க ஆரம்பித்தார். அடுத்து ஹீட்டர் மாட்டவேண்டிய வீட்டுக்காரர் இரண்டு முறை போன் செய்தார். சத்தம் வராமல் அழுத்தி வைத்துவிட்டு நடந்தார். அன்றைக்கு அவர் வேலை எதுவும் செய்யாமல் இருந்த இருபது நிமிடம் அதுதான்.

ஹியென் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். தலைமுடி நனைந்திருந்தது, தோளில் வயர்ச் சுருள், கையில் எர்த் கம்பி. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"மீட்டருக்கு உங்க தாள்ல போட்டதைவிட மூவாயிரம் ஜாஸ்தி சொல்றாருண்ணே கடைக்காரரு. அதுமட்டுமில்ல, எர்த் இல்லாம எவனாவது மாட்டித் தர்றேன்னு சொன்னா வீட்டுக்குள்ளேயே விடாதீங்கன்னாரு. அண்ணே, நான் தெரியாம—"

பையன் வாயைத் திறந்தபடி அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். துவான் அவளைப் பார்த்து ஒரு விரலை உதட்டில் வைத்தார்.