குருசுக்குப்பத்துப் பெண்ணுக்கு நீச்சல் தெரியும்

பிறத்தியார் வீட்டுப் பிள்ளைகளை விமானம் ஏற்றி அனுப்புகிற வேலைக்கு என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளி வந்திருக்கவே கூடாது. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிறவள் நான். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், யாருக்கு என்ன ஆச்சோ என்றுதான் முதலில் தோன்றும். என்ன செய்ய, வந்து மாட்டிக்கொண்டேன், பிழைப்பு இதிலேயே ஓடுகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், உப்பளம் என்கிற பகுதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். மொத்தமே மூன்று பேர்தான். பிரான்சில் கோடை விடுமுறை விட்டால் பெற்றோர்கள் பிள்ளைகளை மலை, காடு, ஏரிக்கரை என்று முகாம்களுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அந்தப் பிள்ளைகளோடு தங்கி, விளையாட்டுச் சொல்லிக்கொடுத்து, சோறு போட்டு, மூக்கைத் துடைத்துவிட இளவட்டங்கள் வேண்டும். பிரெஞ்சு படித்த நம்மூர்ப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அந்த வேலைக்கு அனுப்புவது எங்கள் தொழில்.

ஆபீசை நடத்துகிறவர் ஒரு ரிட்டையர்டு பிரெஞ்சு வாத்தியார். பாதி ஊர் அவரிடம் படித்தது என்பதால் எல்லாருக்கும் அவர் முசியே, அதாவது பிரெஞ்சில் ‘ஐயா’. அவர் பேச ஆரம்பித்தால் ஃபேன் சத்தம்கூடக் கேட்காது. கெட்டவர் இல்லை, சத்தியமாக நல்லவர். அதே சமயம், அவர் ஒன்றைச் சொல்லி முடித்த பிறகு ‘அப்படி இல்லைங்க’ என்று எதிரே நின்று சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை. விசா வேலைகளைப் பார்க்க ஓர் அக்கா இருக்கிறார். அப்பா அம்மாக்களிடம் பேசி, அவர்கள் பயத்தைப் போக்குவது என் வேலை. மாதாவே, ஆளைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள்!

அந்த வருஷம் கடலோர மீனவர் குடியிருப்பான குருசுக்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மீன் விற்று அம்மா படிக்க வைத்த பெண். அவள் பிரெஞ்சு பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். தமிழில்தான் வாயைத் திறக்கமாட்டாள். உட்காரு என்றால் உட்காருவாள், எழுது என்றால் எழுதுவாள். ஒரு நாள் எங்கள் ஏசி ஒழுகி, கீழே உட்கார்ந்திருந்தவளின் தோள் தொப்பலாக நனைந்துவிட்டது. இடம் மாறி உட்காரலாமா என்றுகூட அவள் கேட்கவில்லை. “சொன்னா கேக்குற புள்ள,” என்று மூன்று பேரும் அவளை மெச்சிக்கொண்டோம்.

ஏரிக்கரை முகாமுக்குப் போகிறவர்களுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக ஓர் ஓட்டல் நீச்சல் குளத்தைக் கேட்டு வாங்கி, விருந்தாளிகள் எழுந்திருக்கும் முன்பே எல்லாரையும் இறக்கிப் பார்ப்போம். முசியே விசிலோடு கரையில் நிற்பார். அன்றைக்குச் சுடிதாரோடு அந்தப் பெண்ணும் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது.

“நீ குருசுக்குப்பம் இல்ல?”

“ஆமாங்க முசியே.”

“மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துக் குடுக்கணுமா? போ போ, தள்ளி நில்லு. அடுத்தது யாரு?”

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அவளும் சிரித்தாள். அந்த வாரமே வீடியோவில் முகாம் நடத்தும் அம்மாளிடம், ‘இந்தப் பெண் கடலிலேயே பிறந்தவள், ஏரியெல்லாம் இவளுக்குக் கால் தூசு’ என்கிற மாதிரி முசியே பிரெஞ்சில் அளந்துவிட்டார். அந்த அம்மாள் உடனே ஏரிப் பக்கத்து வேலைக்கு அவளை எடுத்துக்கொண்டார். முசியேவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் போய் இறங்கிய பிறகு எனக்கு ஒரு வேலை உண்டு. போய்ச் சேர்ந்தாச்சு என்று போனில் சொன்னால் எந்தத் தாயும் நம்புவதில்லை. எனவே முகாமிலிருந்து வரும் முதல் போட்டோவை எடுத்துக்கொண்டு நேரிலேயே வீட்டுக்குப் போவேன். அப்படித்தான் ஒரு மத்தியானம் குருசுக்குப்பத்துக்குப் போனேன். வியாபாரம் முடித்து வந்த அம்மா, வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“வாம்மா, உள்ள வா. எம்பொண்ணு போய்ச் சேந்துட்டாளா?”

போனை நீட்டினேன். ஏரிக்குள் நீண்டிருக்கும் ஒரு மரப்பாலத்தின் மேல் பத்துப் பதினைந்து பேர் தோளில் கை போட்டு நின்றார்கள். ஓரத்தில் இவள். பின்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் கருநீலத் தண்ணீர், அதற்கும் பின்னால் உச்சியில் பனி வெளுத்த மலை.

“இன்னாம்மா இது, இம்மாந்தண்ணி?” என்றார் அம்மா. “இவள எதுக்கு அங்க நிக்க வச்சிருக்காங்க? அது தண்ணியக் கண்டா பத்தடி தள்ளி நிக்குமே.”

போனைத் திருப்பிப் படத்தை நானும் ஒரு தடவை பார்த்தேன்.

“நீந்தத் தெரியும்ல உங்க பொண்ணுக்கு?”

“யாருக்கு? இவளுக்கா?” அவர் வாய்விட்டுச் சிரித்தார். “இன்னாம்மா நீ, படிச்சவ இப்பிடிக் கேக்குற. ஆம்பளப் பசங்கதான் கடல்ல எறங்குவானுங்க. பொம்பளப் புள்ளைங்க கரையில நின்னு மீன வாங்கறதோட சரி. அலையில கால நனைச்சாலே எங்க மாமியா வெளக்கமாத்த எடுத்துக்கினு வந்துரும்.”

பிறந்ததிலிருந்து நான் இந்த ஊர்தான். குருசுக்குப்பம் எனக்கு வண்டியில் பத்து நிமிஷம். கடலில் இறங்கி விளையாடுகிற பெண் ஒருத்தியையாவது அங்கே பார்த்திருக்கிறேனா என்று அந்த வினாடிதான் யோசித்தேன். ஒருத்திகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

அம்மா தட்டில் பொரித்த மீன் இரண்டு வைத்துக்கொண்டு வந்தார். வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டேன். “அங்க நல்லாப் பாத்துக்குவாங்கம்மா, ஒண்ணும் பயப்படாதீங்க,” என்று என் வழக்கமான வசனத்தைச் சொன்னேன். அதைச் சொல்லும்போதே முள்ளோடு விழுங்கி எனக்குப் புரையேற, அந்த அம்மா என் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். பெண்ணைப் பறிகொடுக்கப் போகிறவரே எனக்குத் தண்ணீர் கொடுக்கிறாரே என்று ஒரு நினைப்பு ஓடியது. ச்சீ, வாயைக் கழுவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆபீசுக்கு எப்படி வண்டி ஓட்டி வந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விசா அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எடுத்த கவளத்தை டப்பாவிலேயே போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

“முகாமுக்குக் கொழந்தைங்க அடுத்த வாரந்தான் வருதுங்க. இப்ப வேலைக்கு வந்தவங்களுக்கு மட்டும் பயிற்சி. இரு, இன்னிக்கு இன்னான்னு பாக்குறேன்.” பார்த்தவர் அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் நகர்த்தினார்.

“இன்னாக்கா? சொல்லித் தொலைங்களேன்!”

“காலையில ஏரியில எறங்குறாங்கன்னு போட்டிருக்கு.”

“காலையிலன்னா?”

“அங்க காலைன்னா, நமக்கு இப்பதான்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரியும், குதி என்று சொன்னால் அவள் குதித்துவிடுவாள். எனக்குத் தெரியாதுங்க என்று ஒரு வார்த்தை வராது. ஏசித் தண்ணீரில் நனைந்துகொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாளே, அதே மாதிரி வாயை மூடிக்கொண்டு போய் விழுவாள். பனி உருகி வந்த தண்ணீர். பக்கத்தில் இருப்பவர்கள் காப்பாற்ற ஓடி வருவார்களா? அவள் கடலில் பிறந்தவளாயிற்றே, ஏதோ வேடிக்கை காட்டுகிறாள் என்றல்லவா நினைப்பார்கள்! அப்படி நினைக்கச் சொல்லிக் கொடுத்தவர்களே நாங்கள்தான்.

வாட்சப்பில் ‘தண்ணியில இறங்காதே’ என்று அடித்து அனுப்பினேன். ஒரே டிக். மறுபடியும் அனுப்பினேன். அதுவும் ஒரே டிக். முகாம் நம்பருக்கு அக்கா போன் போட்டார். மணி அடித்து அடித்து, கடைசியில் ஒரு பெண் குரல் பதிவு செய்து வைத்ததைப் பிரெஞ்சில் இனிமையாக ஒப்பித்தது. அந்த இனிமையைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முசியே அன்றைக்குத் தவளக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் நடத்தப் போயிருந்தார். நடுவில் போன் செய்தால் அவருக்குப் பிடிக்காது. நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு அடித்தேன்.

“கூட்டத்துல இருக்கேன்னு தெரியாது?”

“முசியே, அந்தக் குருசுக்குப்பத்துப் பொண்ணுக்கு நீந்தத் தெரியாதாம்.”

“யாரு சொன்னா?”

“அவங்கம்மா.”

“தாய்க்காரிங்க எல்லாம் அப்பிடித்தான் சொல்லுவாங்க. மீன்காரர் வீட்டுப் பொண்ணுக்கு நீந்தத் தெரியாதாம்! நீ ஒரு பயந்தாங்கொள்ளி, உன்கிட்ட ஒருத்தி அளந்துட்டா. வை போன.”

வைத்துவிட்டேன். எப்போதும் அவர் வை என்றால் வைத்துவிடுவேன். அக்கா மறுபடி முகாமுக்கு அடித்தார், மறுபடி அந்த இனிமையான குரல். நான் ஜெபமாலையை எடுத்தேன், எத்தனையாவது மணியில் இருக்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டேன். அந்த அம்மாவிடம் போய் என்ன சொல்வேன்? உங்கள் பெண் குருசுக்குப்பமாயிற்றே, அதனால் நாங்கள் கேட்கவில்லை என்றா?

கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். முசியேதான். கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“அவ அம்மா சொன்னத அப்பிடியே சொல்லு.”

சொன்னேன், விளக்கமாறு உட்பட. அவர் உடனே முகாம் அம்மாளின் கைப்பேசிக்கு அடித்தார். எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தார். அதன்பின் தண்ணீர் கேன் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. முசியேவுக்கும் பயம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் எனக்கு மிச்சமிருந்த தைரியமும் போய்விட்டது. கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் போன் அடித்தது. அவள் பேர்தான் திரையில். எடுக்கவே கை வரவில்லை, அவள் போனிலிருந்து வேறு யாராவது பேசிவிட்டால்? அக்காதான் பச்சையைத் தள்ளி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

“அக்கா, சாப்ட்டீங்களா?”

“சாப்பாடு கெடக்கட்டும்டி! தண்ணியில எறங்கினியா?”

“எறங்கினேங்க்கா.” மூன்று பேரும் மூச்சை நிறுத்தினோம். “முட்டி வரைக்குந்தான். யம்மா, ஐஸு மாதிரி இருக்குது. உங்க மெசேஜ இப்பதான் பாத்தேன். இன்னா ஆச்சுக்கா?”

எனக்குக் கண்ணீர் கொட்டியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன், “நீந்தச் சொல்லலியா உன்ன?”

“எறக்குறதுக்கு முன்ன முகாம் நடத்துற அம்மா கேட்டாங்கக்கா, ஒவ்வொருத்தர்கிட்டயா வந்து. நீந்தத் தெரியுமான்னாங்க. நான் ஒண்ணும் பேசல. அந்தம்மா போவாம அப்பிடியே நின்னுக்கினு இருந்தாங்க, நான் வாயத் தெறக்குற வரைக்கும். அப்பறம் தெரியாதுன்னுட்டேன்.”

“திட்டினாங்களா?”

“இல்லியே. இன்னும் ரெண்டு பேருக்குத் தெரியாது, அந்த ஊருக்காரங்களுக்கே. எங்கள ஏரிப் பக்கம் வேணாம், சின்னப் பசங்களப் பாத்துக்கங்கன்னுட்டாங்க.”

பயம் இறங்கியதும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. “அடிப்பாவி, அத இங்கியே சொல்லியிருக்கலாம்ல? உசுரு போயிருந்தா?”

அவள் மற்றவர்களை விட்டு ஒதுங்கி நடக்கிற சத்தம் கேட்டது.

“எப்பிடிக்கா சொல்றது? முசியே அப்பிடிச் சொல்லிட்டாரு, நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. அப்பறம் தெரியாதுன்னா அனுப்ப மாட்டாருல்ல. எங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டுது, எம்பொண்ணு பிரான்ஸு போறான்னு.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அக்கா, அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா. இந்த ஏரியக்கூட சமாளிச்சுருவேன், அவரப் பாத்தாதான் எனக்கு ஒதறும்.”

முசியே ஸ்டூலிலிருந்து எழுந்து மேசைக்கு வந்திருந்தார். அவருடைய கை போனுக்குப் பக்கத்தில் இருந்தது. அக்கா என்னைப் பார்க்காமல் டப்பாவை மூட ஆரம்பித்தார். ஸ்பீக்கரை அணைக்கலாம், பேச்சை மாற்றலாம், சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடலாம். அதெல்லாம் எனக்கு நன்றாகவே வரும்.

“எனக்குந்தாண்டி,” என்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது, ஆனாலும் முசியேவுக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன்.